கோபிகா வாங்கிய கடல்

கம்பனி தன் கப்பலோட்டும் விளையாட்டைத் திருப்பி எடுத்துக்கொண்ட அன்று காலை, மண்கும்பானில் கோபிகா தன் புருசனை ஏன் கலியாணம் கட்டினாள் என்பதை மறந்துபோனாள். கலியாணம் ஞாபகமிருந்தது, தாலி ஞாபகமிருந்தது, பந்தியில் பாயாசம் போதாமல் போனதும் ஞாபகமிருந்தது. கொம்பியூட்டரில் அந்த விளையாட்டை விளையாடிய ஆயிரத்து நானூறு மணித்தியாலங்கள் மட்டும் தலைக்குள் இல்லை. நெடுந்தீவுப் பெண்ணான அவளும் மண்கும்பான் சதீசனும் நேரில் காணாமலே, மூன்று வருடப் பின்னேரங்களில் திரையிலிருந்த ஒரே கப்பலில் போய்க் காதலித்தது அந்த மணித்தியாலங்களுக்குள்தான்.

கம்பனிக்கு எழுதிக் கேட்டார்கள். நீங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, விளையாடும் அனுமதியை, அது முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. தச்சுவேலை செய்யும் கோபிகாவின் தகப்பன் செல்வரத்தினம், விளையாட்டை வாங்கியபோது அவள் அமத்திய பொத்தானின் படத்தைப் பார்த்தார். பச்சையில் 'வாங்கு' என்றிருந்தது.

"பிள்ளை, வாங்கெண்டால் இருக்கிற சாமான்தானே. இருந்தனீ, எழுப்பிப் போட்டாங்கள்."

நாலு பேர் உட்கார்ந்திருக்கும் நீட்டுப் பலகைக்கு எங்கள் பக்கத்தில் வாங்கு என்றுதான் பெயர். அவர் அப்படி எத்தனையோ செய்து கொடுத்தவர். கோபிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சதீசனோ ஒன்றையும் மறக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இரண்டு நாள் சுற்றிவளைத்துவிட்டு மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னான்.

"என்ரை களவுக் கொப்பி, காசு குடாமல் இறக்கினது. அதாலை அவங்களுக்கு என்னட்டையிருந்து எடுக்கேலாமல் போச்சு."

"அப்ப எனக்கு என்ன சொன்னனீங்கள்?"

"வாங்கினதெண்டு."

"காசு குடுத்த என்னட்டைப் பறிச்சுப் போட்டாங்கள். களவெடுத்த உங்களிட்டை முழுக்கக் கிடக்கு. இதென்ன ஞாயம்?"

அவள் நம்பியது கம்பனியையும் சதீசனையும். ஏமாற்றியதும் இரண்டு பேரும். உடுப்புகளை எடுத்துக்கொண்டு, குறிகாட்டுவான் துறையில் வள்ளமேறி நெடுந்தீவிலுள்ள தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு சதீசன் அவள் மறந்த மணித்தியாலங்களைப் பின்னேரத்துக்கு ஒன்றாக, நடந்த ஒழுங்கிலேயே, அவளுக்குப் போனில் சொல்லி வருகிறான். கப்பல் எந்தக் கல்லில் தட்டியது, அவள் எதற்குச் சிரித்தாள், யார் யாரை ஏசியது எல்லாம் சொல்கிறான். நாற்பத்தோராவது மணித்தியாலம் வந்தபோது, வாங்கியதென்று அதில் தான் சொன்ன பொய்யையும் மறைக்காமல் சொன்னான். அன்று போனை வைத்துவிட்டாள். மறுநாள் எடுத்தாள். நெடுந்தீவில் இப்போது இதை யாரும் புதினமாகக் கதைப்பதில்லை.

இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டாவது மணித்தியாலத்தில் நிற்கிறார்கள். எந்த மணித்தியாலத்தில் அவளுக்குத் தன்னைப் பிடித்தது என்பது சதீசனுக்குத் தெரியாது. அவள் அதை ஒருநாளும் சொன்னதில்லை. ஆனபடியால் ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான்.