மூணு சுழி

அண்ணிக்குத் தமிழ் சரளமாகப் பேச வரும், எழுதத்தான் வராது. மருந்துக்கடை வேலைக்குப் பேனாவால் எழுதிக் காட்ட வேண்டும். தப்பாக எழுதினால் வேலை இல்லை. காத்திருந்த அறையில் அவள் போனில் பழகிக்கொண்டிருந்தாள். ஆப் ஒரு சொல்லைச் சொல்லும், அவள் திரையில் விரலால் வரைவாள், பிறகு தானே 'சரி' என்று அழுத்துவாள்.

எட்டிப் பார்த்தேன். திரையில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல்தான் விரலை ஓட்டினாள்.

"அண்ணி, இது காப்பி அடிக்கிற மாதிரில்ல இருக்கு?"

"அதான் எல்லாமே சரியா வருதேடி."

மங்கல் எழுத்தை அணைத்தேன். 'கண்' என்றது போன். வெற்றுத் திரையில் 'கன்' என்று எழுதினாள்.

"மூணு சுழி அண்ணி. ரெண்டு போட்டா கண்ணு மருந்து கன்னுக்குட்டிக்குப் போயிடும்."

"இத இப்பவா சொல்றது?"

அவள் சிரிக்கவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். இந்த முறை நாலு சுழி வந்தது.

கதவைத் திறந்து கடைக்காரர் அவளைக் கூப்பிட்டார். அண்ணி தலை நிமிரவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் எனக்கு வாய் எழாது. ஆனாலும் எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஒரு நிமிஷம் சார்."

"எதுக்கும்மா?"

நகராமல் நின்றேன். பின்னால் அண்ணி மெல்ல எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. வந்துட்டேன் சார்."