சிவப்புப் பட்டை, நீலப் பட்டை

கமலாக்ஷி மகன் வெங்கிட்டுவுக்குச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் தாமஸ் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்றார். விடியும்போதே பிராணன் போயிருந்தது. அவள் வீட்டுக்காரர் லக்ஷ்மிநாராயணன், பிள்ளையை மட்டாஞ்சேரிக்குக் கொண்டுபோகக் கார் பிடிக்கப் போயிருந்தார். மற்ற நாளெல்லாம் பாதிப் பித்தானிலேயே ஓடிவிடுகிற பிள்ளை.

டாக்டர் வருத்தம் சொன்னார். பிறகு, தயங்கித்தான், மிச்ச மாத்திரைக் குப்பியைத் திருப்பித் தரவேண்டும் என்றார்.

ரத்தப் புற்றுக்கு இரண்டு மருந்துகளில் எது தேவலை என்று பார்க்கிற பரீட்சை அது. குப்பியில் சிவப்புப் பட்டை, அல்லது நீலப் பட்டை. எதில் எது என்று டாக்டருக்கே தெரியாதாம். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். உயிர் விஷயத்தில் சீட்டுக் குலுக்குவார்களா என்று கமலாக்ஷிக்கு அன்றைக்கே வயிறு எரிந்தது. வெங்கிட்டுவுக்குச் சிவப்பு விழுந்தது. மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கும் இசக்கிமுத்துவின் மகள் வீரலட்சுமிக்கு நீலம்.

வீரலட்சுமியின் அம்மா சீனியம்மாளும் கமலாக்ஷியும் ஒரே படகில்தான் எர்ணாகுளம் வந்து போனார்கள். திரும்பும்போது படகில் பங்கு நடக்கும். கமலாக்ஷி முந்தானையை விரித்துத் தன் குப்பியைக் கவிழ்ப்பாள். சீனியம்மாள் கை படாமல் உயரத்திலிருந்து தன்னுடையதைக் கொட்டுவாள். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை மாத்திரை. கலந்து பாதிப் பாதி. நல்ல மருந்து எதுவானாலும் இரண்டு குழந்தைகளுக்கும் கிடைக்குமே! கோயில் பிரசாதத்தைக்கூட அவ்வளவு நியாயமாகப் பிரித்திருக்க மாட்டார்கள்.

ஒருநாளும் தவறாமல் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். வாசலில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்ற சீனியம்மாள், சொல்லிவிடாதே என்று கமலாக்ஷியைப் பார்த்துத் தலையசைத்தாள். தெரிந்தால் பெண்ணை விலக்கிவிடுவார்கள், மருந்து நின்றுவிடும்.

தவறாமல் கொடுத்தேன் என்றாள் கமலாக்ஷி. அது பொய்யில்லை.

டாக்டர் குப்பியை வாங்கிக்கொண்டார். வீரலட்சுமி தேறி வருகிறாள், அவளுக்கு நீலம் பிடித்துக்கொண்டது, அதையே கொடுத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்.

கமலாக்ஷிக்குப் பகீரென்றது. வீரலட்சுமியைத் தேற்றியது சிவப்பாக இருந்தால்?

"டாக்டர், அந்தக் கொழந்தை நீலம் மட்டும் சாப்பிடலை. ரெண்டையும் கலந்து ரெண்டு பேருக்கும் குடுத்தோம். அவளுக்கு மருந்தை நிறுத்தப்படாது."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பரீட்சையிலிருந்து இருவர் பெயரையும் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். பெண்ணுக்கு மருந்து நிற்காது. ஆனால் இனி எதைக் கொடுப்பது என்று சென்னையில் பரீட்சையை நடத்துகிறவர்களைக் கேட்டுத்தான் சொல்லவேண்டும்.

"கலந்ததுனாலயா போனான்?"

"அறியில்ல, அம்மே. எனிக்கு அறியில்ல," என்றார் டாக்டர் மலையாளத்தில்.

அவர் போனதும் சீனியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா சொன்னீக?"

"இனிமே யார்கிட்டேர்ந்து நீ பாதி வாங்குவே?"



லக்ஷ்மிநாராயணன் வந்து, கார் கீழே நிற்கிறது, தூக்கத்தான் ஆளைக் காணோம் என்றார். குனிந்து பிள்ளையின் தோளுக்கடியில் கை கொடுத்தார். கமலாக்ஷி இடுப்பைத் தாங்கிக்கொண்டாள். வழி விடுவதற்காகச் சீனியம்மாள் வழக்கம்போலச் சுவரோரம் ஒதுங்கினாள்.

"அங்கே ஏன் நிக்கறே?" என்றாள் கமலாக்ஷி. "வந்து காலைப் பிடிச்சுக்கோ."

லக்ஷ்மிநாராயணன் நிமிர்ந்து கமலாக்ஷியைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். சீனியம்மாள் இரண்டு கைகளையும் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள்.