பதினான்காம் பிரிவு

திங்கட்கிழமை வந்த தபாலில் ஐம்பத்தெட்டுப் பேர் ஒரே கடிதத்தை எழுதியிருந்தார்கள். நிரஞ்சினி ஒவ்வொன்றாகப் பிரித்து, மடிப்பை நீவி, வலது மேல் மூலையில் திகதி முத்திரை குத்தினாள். மேற்கு சிட்னியில் ஒரு மாநிலப் பாராளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகம் அது. நான்கு வருடமாக அவளுக்கு அங்கே இதுதான் வேலை. கடிதத்தை வாசிக்க வேண்டும். ஆதரவா எதிர்ப்பா என்று கணினியில் பதிய வேண்டும். பெயரும் முகவரியும் இல்லாத கடிதம் கணக்கில் சேராது.

துப்பாக்கிச் சட்டமூலம் வியாழக்கிழமை விவாதத்துக்கு வருகிறது. சுடுவோர் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்கள் எல்லோரையும் எழுதச் சொல்லியிருந்தது. கடிதத்தையும் சங்கமே தயாரித்துக் கொடுத்திருந்தது. நடுவில் ஐந்து வரி வெற்றிடம். உங்கள் சொந்தக் கதையை இங்கே எழுதுங்கள், ஒரே மாதிரிக் கடிதங்களை அரசியல்வாதிகள் வாசிப்பதில்லை என்று ஒரு குறிப்பு. சிலர் அந்தக் குறிப்பையும் சேர்த்தே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். நிரஞ்சினி அந்த ஐந்து வரிகளை மட்டும் வாசித்தாள். ஒருவருக்கு முப்பது வருடம் நரியிடமிருந்து ஆட்டுக்குட்டிகளைக் காத்த கதை. ஒருவருக்கு இறந்த மனைவியோடு போட்டிக்குப் போன கதை. பெரும்பாலும் நல்ல மனிதர்கள். எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒன்றாகக் கோபப்பட்டார்கள். பதினான்காம் பிரிவு. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது, அதே வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸ் தனியாகக் கூப்பிட்டு, பயம் ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். எல்லா வீட்டிலும் கேட்க வேண்டும். கடிதத்தின் அடியில் வாழ்க்கைத் துணைக்கும் ஒரு கோடு போட்டிருந்தது. 'என்னிடம் யாரும் கேட்கத் தேவையில்லை' என்பதற்குக் கீழே கையெழுத்து.

நாற்பத்தோராவது கடிதத்தில் பக்கத்துப் புறநகரான கிரவீன் முகவரி இருந்தது. வீட்டு இலக்கத்தைப் பார்த்த பிறகுதான் பெயரைப் பார்த்தாள். உமாசுதன். அவளுடைய தம்பி.

ஐந்து வரியையும் நிரப்பியிருந்தான். தான் படகில் வந்தவன். பதினொரு வருடம் காத்திருந்து நிரந்தர விசா பெற்றவன். இத்தனை வருடத்தில் ஒரு பொலிஸ்காரர் தன் வாசலுக்கு வந்ததில்லை. சட்டப்படி மூன்று துப்பாக்கி வைத்திருக்கிறான். மனைவியைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது தன்னைக் குற்றவாளியாக நடத்துவது. அடியில், தமிழில், தர்சினி என்று இருந்தது. எழுத்துகள் கோட்டுக்கு மேலே மிதந்தன.

மூன்று என்பதை மறுபடி வாசித்தாள். ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஒன்றரை வருடமாக அவன் மாதத்துக்கு ஒருமுறை ஆட்டிறைச்சி கொண்டுவந்து தருவான். வேலைத்தலத்து நண்பன் ஒருவன் ஊருக்கு வெளியே காட்டாடு சுடுவான் என்று நினைத்திருந்தாள். அப்படி யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

கடிதத்தில் பொய் இல்லை. பொலிஸ் வந்ததில்லை என்பதும் உண்மை. வராமல் செய்தவள் நிரஞ்சினி.

மூன்று வருடத்துக்கு முன் தர்சினியை அவள்தான் மெடிக்கல் சென்டருக்குக் கூட்டிப்போனாள். வலது மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது. மருத்துவர் இளம் பெண். என்ன நடந்தது என்று தர்சினியைத்தான் கேட்டாள். தர்சினியின் ஆங்கிலம் கடைக்குப் போதும், இதற்குப் போதாது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னாள். "கதவுக்குள்ள வைச்சு நெரிச்சவர்." மருத்துவர் நிரஞ்சினியைப் பார்த்தாள். வீட்டில் படியால் வழுக்கி விழுந்துவிட்டாளாம் என்று நிரஞ்சினி ஆங்கிலத்தில் சொன்னாள். மருத்துவர் அதைத் தட்டெழுதினாள். வழுக்கி என்பதும் படி என்பதும் தர்சினிக்குப் புரிந்திருக்கும். அவள் நிமிரவில்லை. விசா முடிவு வர அப்போது இரண்டு மாதம் இருந்தது. பொலிஸ் பதிவு ஒன்று போதும், பிள்ளையோடு சேர்த்து மூன்று பேரின் விசாவும் போய்விடும் என்று எல்லோரும் பயந்த காலம். "விசா வரட்டும்," என்றாள் நிரஞ்சினி, காரில். "பிறகு நான் அவனோட கதைக்கிறன்." விசா வந்தது. மணிக்கட்டு ஆறியது. அவள் கதைக்கவில்லை.

பதினொரு மணிக்கு அவனே தொலைபேசியில் வந்தான்.

"அக்கா, என்ர கடிதம் வந்திட்டுதோ?"

"எந்தக் கடிதம்?"

"சும்மா விளையாடாதேங்கோ. துவக்குக் கடிதம். எங்கட ஆக்கள் ஏழு பேரை நான்தான் பிடிச்சு எழுத வைச்சனான். அதில சிவபாலன் தன்ர கலியாணத்துக்குக்கூட இவ்வளவு யோசிக்கேல்லை. இதுக்கு ரெண்டு கிழமை யோசிச்சவன்." சிரித்தான். "எங்கடையளை மேல வையுங்கோ. உங்கட ஐயாவுக்கு எங்கட சனத்தின்ர வோட்டு வேணுமெல்லோ."

"நீ துவக்கு வைச்சிருக்கிறாய் எண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"இறைச்சி தின்னேக்க கேட்டனீங்களோ?"

அவனுக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது. அவன் தரை ஓடுகள் விற்கும் கிடங்கில் வேலை செய்கிறான்.

"தர்சினியும் கையெழுத்து வைச்சிருக்கிறாள்," என்றாள்.

"ஓம். நான் காட்டின இடத்தில வைச்சவள். சரி அக்கா, வேலையில நிக்கிறன்."

அலுவலக முகாமையாளர் ஹெலன் கோப்பியோடு வந்து மேசை ஓரத்தில் சாய்ந்தாள். எண்ணிக்கை கேட்டாள். இதுவரை எதிர்ப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு, ஆதரவு நான்கு என்றாள் நிரஞ்சினி. ஹெலன் உதட்டைப் பிதுக்கினாள். மற்றப் பிரிவுகள் நிறைவேற வேண்டுமென்றால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், பதினான்கைத்தான் விடுவார்கள் போலிருக்கிறது என்றாள். நாளை காலை உறுப்பினர் முடிவு செய்வார். "எதிர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கிறது. அது வேண்டும் என்பதற்கு ஒரு கதைகூட வரவில்லையே." பிறகு, மழை வருமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு கையெழுத்து இருந்தால் இரண்டாகப் பதிய வேண்டும். உமாசுதன், எதிர்ப்பு என்று பதிந்தாள். தர்சினி என்று அடித்தாள். அடுத்த கட்டத்தை நிரப்பாமல் எழுந்து கார்ச் சாவியை எடுத்தாள்.

கிரவீனுக்குப் பத்து நிமிடம். தர்சினி கதவைத் திறந்து, நிரஞ்சினியின் முதுகுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"என்ன மச்சாள், இண்டைக்கு வேலை இல்லையோ?"

"சாப்பாட்டு நேரம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம் எண்டு வந்தனான்."

குசினி மூலையில் தையல் மெசின் நின்றது. முன்பு அது சின்ன அறையில் இருந்தது. நிரஞ்சினி சின்ன அறைக் கதவைத் தள்ளினாள். பச்சை இரும்புப் பெட்டகம், குளிர்சாதனப் பெட்டி உயரம், சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. அதன் மேல் தோய்த்து மடித்த படுக்கை விரிப்புகள். பக்கத்தில் ஒரு கதிரை. அறையில் மெசின் எண்ணெய் மணத்தது.

"சாவி எங்க?"

"எனக்குத் தெரியாது. தெரியக்கூடாதாம். அது சட்டமாம்." தர்சினி கேத்தலை வைத்தாள். "அவர் சட்டத்தில வலு கவனம்."

"இப்பவும் அடிக்கிறவனோ?"

தர்சினி இரண்டு கோப்பை எடுத்தாள். ஒன்றைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்று எடுத்தாள்.

"இல்லை, மச்சாள். துவக்கு வாங்கின பிறகு ஒரு நாளும் கை நீட்டேல்லை." சீனிப் போத்தலைத் திறந்தாள். "தேவைப்படேல்லை."

கேத்தல் சத்தம் போட்டு அணைந்தது.

"கோவம் வந்தா அந்த அறைக்குள்ள போயிடுவார். கதவைப் பூட்டமாட்டார், திறந்துதான் இருக்கும். கதிரையில இருந்து ஒவ்வொண்டா எடுத்துத் துடைப்பார். ஒரு மணித்தியாலம் துடைப்பார். நானும் துவாரகாவும் ரீவியைக் குறைச்சுப்போட்டு இருப்பம். பிள்ளை இப்ப எண்ணெய் மணத்திலயே கண்டுபிடிச்சிடும். பள்ளிக்கூடத்தால வந்த உடனே மூக்கைச் சுருக்கிப் பாக்கும்."

"அப்ப ஏன் கையெழுத்து வைச்சனீர்?"

"வைக்காமல்?"

நிரஞ்சினி தேநீரைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை.

"நான் பொலிசுக்குச் சொல்லுறன்," என்றாள். "இண்டைக்கே."

"வேண்டாம்." தர்சினியின் குரல் உயரவில்லை. "பொலிஸ் இந்த வீட்டுக்கு மட்டும் வந்தா, ஆர் சொன்னது எண்டு அவருக்குத் தெரியும். கேக்கிறதெண்டால் எல்லா வீட்டிலயும் கேக்கட்டும். அப்ப நான் ஒருத்தரையும் காட்டிக் குடுத்ததா இராது."

"கேட்டா சொல்லுவீரோ?"

தர்சினி முதல்முறையாக அவளை நேரே பார்த்தாள். "நான் தமிழில சொல்லுவன். இங்கிலிஸில ஆர் சொல்லுறது? நீங்களோ?"

கேட்டதில் கோபம் இருந்ததா என்று நிரஞ்சினிக்குப் பிடிபடவில்லை. தர்சினி கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் மூன்று மணிக்கு வந்துவிடுவார், போகும்போது கோப்பையைக் கழுவிவிட்டுப் போக வேண்டாம், நான் கழுவி வைக்கிறேன் என்றாள். இரண்டு கோப்பையையும் கழுவித் துடைத்து அலுமாரிக்குள் வைத்த பிறகுதான் வாசல் வரை வந்தாள்.

துவாரகாவின் சைக்கிள் முன்வாசலில் கிடந்தது. கார்ப் பாதையிலிருந்து நேராக உருட்டிக்கொண்டு வந்து போட்டிருக்கிறாள். சீமெந்து தெருவிலிருந்து ஹோல் வரை ஒரே மட்டம். மாடி இல்லை. பின்பக்கமும் அப்படித்தான், புல்லுக்கு நேரே கதவு. நிரஞ்சினி பத்து வருடமாக வந்துபோகிற வீடு. காரில் ஏறும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இந்த வீட்டில் ஒரு படிகூட இல்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது இரண்டு மணி. தர்சினி என்ற பெயர் திரையில் அப்படியே நின்றது. எதிரே கட்டம் வெறுமையாக இருந்தது. நிரப்பாமல் அடுத்த பெயருக்குப் போகக் கணினி விடாது.

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாள் எடுத்தாள். பேனாவால், ஆங்கிலத்தில், மூன்று வருடத்துக்கு முன் ஒரு மருத்துவரிடம் தான் என்ன சொன்னாள் என்று எழுதினாள். உண்மையில் என்ன சொல்லப்பட்டது என்று அடுத்த வரியில் எழுதினாள். அந்த வீட்டில் படி இல்லை என்று எழுதினாள். பதினான்காம் பிரிவு வேண்டும் என்று எழுதினாள். ஐந்து வரிதான் வந்தது.

பெயரும் முகவரியும் இல்லாமல் கணக்கில் சேராது. பெயரோடு சேர்த்தால், வியாழக்கிழமை உறுப்பினர் சபையில் எழுந்து இதை வாசிக்கக்கூடும். அவருக்குப் பெயர்களை வாசிப்பது பிடிக்கும். வாசிப்பதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். உமாசுதன் பார்ப்பான். தான் எழுத வைத்த ஏழு பேரோடு சேர்ந்து பார்ப்பான். பிறகு வீட்டுக்குப் போவான். முகாமையாளரிடம் பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஹெலன் நல்லவள், ஆனால் ஏன் என்று கேட்பாள்.

தபாலில் வந்த கடிதம்போல முதலில் முத்திரையைக் குத்தினாள். திகதி ஈரமாக, தெளிவாக விழுந்தது.

"ஆதரவு இன்னும் நான்குதானா?" உள்ளறையிலிருந்து ஹெலன் கேட்டாள்.

மணி இரண்டு ஐம்பது. நிரஞ்சினி பேனாவைத் தாளின் அடியில் வைத்தாள். 'நி' எழுதினாள். மேசையில் கைபேசி அதிர்ந்து, மெல்லத் திரும்பி, அவளை நோக்கி நகர்ந்தது. திரையில் தம்பி என்று இருந்தது. அவளுடைய இடது உள்ளங்கை தாளின் முத்திரை விழுந்த மூலையை அழுத்திக்கொண்டிருந்தது. கையை எடுத்துப் பார்த்தபோது திகதி அதில் இடவலம் மாறிப் பதிந்திருந்தது.