அடுப்புக்குக் கீழே ஒரு வாசல்

எந்தப் பொருளையும் அது எப்படி வேலை செய்கிறது என்று விளங்கப்படுத்தினால்தான் பாலேஸ்வரிக்குத் திருப்தி. உடுப்பிட்டியில் கூடப் படித்த குணலட்சுமி எண்பத்துநான்கில் ஜெர்மனிக்குப் போன பிறகு, இருவரின் சிநேகிதமும் அப்படித்தான் கடிதங்களில் ஓடியது. தான் துப்புரவு செய்யும் ஹோட்டலில் துணி தோய்க்கும் மெஷின் எப்படி நீரைப் பிழிகிறது என்று அவள் எழுதுவாள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்கும் விதத்தை இவள் எழுதுவாள்.

பிறகு குணலட்சுமி, அங்குள்ள தமிழ்ப் பெண்கள் நடத்தும் சஞ்சிகையில் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கினாள். "நீ இல்லாமல் என்ரை கதை இல்லையடி" என்று ஒரு கடிதத்தில் சொல்லியிருந்தாள்.

தொண்ணூற்றுமூன்றில் ஒருநாள், கொழும்புக்குப் போய்க் கிளாலிக் கடலால் படகில் திரும்பிய பக்கத்து வீட்டுச் செல்வநாயகி அந்தச் சஞ்சிகையைக் கொண்டுவந்தாள். பாலேஸ்வரி அடுப்பில் சோற்றுக்கு உலை வைத்திருந்தாள்.

"பேரை மாத்தியிருக்கிறா. எண்டாலும் அந்த டைனமோ ரேடியோவிலையே அது நீர்தான் எண்டு பிடிச்சிட்டன். உந்தப் பங்கர் எனக்கும் தெரியாது, கள்ளி."

பாலேஸ்வரி வாசித்தாள். 'என் சிநேகிதியின் அடுப்பு ஓர் இரும்புத் தகட்டின் மேல் இருக்கிறது. தகட்டை இழுத்தால் படிகள். வாழைகளுக்குள் மறைத்த குழாயால் காற்று வரும். விமானம் வந்தால் அவள் இறங்குவது அதற்குள்தான்.'

எல்லாம் அவள் எழுதி அனுப்பியபடியே இருந்தது. அதைக் கட்டிய கெட்டித்தனத்தை யாருக்காவது சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. முன்பு வேறோர் இயக்கத்தில் இருந்த தன் தம்பி தியாகலிங்கம், இப்போது ஊரை ஆளும் இயக்கம் தேடுவதால் ஏழு மாதமாக அதற்குள் இருப்பதை மட்டும் எழுதவில்லை. விமானக் குண்டுக்குப் பதுங்கும் பங்கர் என்றுதான் எழுதினாள். குணலட்சுமி நம்பினாள். அவள் போனபோது ஊரில் பங்கரே இல்லை. எல்லாருடைய பங்கரும் முற்றத்தில், பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி, ஓடிவந்து விழ வாகாக வாய் திறந்து கிடக்கும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"இதை வேறை ஆரும் பாத்தவையோ?"

"படகிலை ஒரு தம்பி வாங்கி ரெண்டுதரம் வாசிச்சவன். ஆரிட்டை கொண்டுபோறியள் எண்டு கேட்டவன். எங்கடை பக்கத்து வீட்டுக்காரிதான் எண்டு சொன்னன். எனக்கும் பெருமைதானே."

தெருவாசல் படலையில் இரண்டு சைக்கிள்கள் சாய்ந்தன.

"உவன்தான்" என்றாள் செல்வநாயகி, சிரித்துக்கொண்டு.

முன்னால் வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினி வாசலில் நின்றான். "அக்கா, வடிவாய் எழுதியிருக்கினம். ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. குண்டு போடுற பொம்பருக்குப் பயந்து ஆரும் பங்கர் வாசலிலை அடுப்பு வைக்கிறவையோ? நீங்கள் விளங்கப்படுத்துறதிலை கெட்டிக்காரியாம்."

"அடுப்பு எரியுது, தம்பி" என்றாள் பாலேஸ்வரி.

"அவசரமில்லை. சோறு வேகட்டும்."

அவன் பலகையை இழுத்துப் போட்டு அமர்ந்தான். செல்வநாயகியின் சிரிப்பு நின்றுவிட்டது. மற்றவன் வீட்டைச் சுற்றி வாழைகளை நோக்கி நடந்தான்.

பாலேஸ்வரி பானையில் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். விறகை உள்ளே தள்ளினாள். எரியும்வரை தகட்டைத் தொட முடியாது. எரிய எரியக் கீழே சூடு ஏறும். தியாகலிங்கம் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த கொள்ளியை எடுத்தாள்.

வெளியே வாழைச்சருகுகளை யாரோ ஒவ்வொன்றாக விலக்கும் சத்தம் கேட்டது.