வெயில் படாத கிண்ணங்கள்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். தேநீரை நின்றபடியே குடித்தான். மொட்டை மாடியில், கவிழ்த்து வைத்த நீல டிரம்முக்குப் பக்கத்தில் துணி உலர்த்தினான். கதவைப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். ஏழரைக்கு ஆய்வுக்கூடத்தில் இருந்தான். மனைவி இறந்து போன இந்த நாலு மாதமாக இதுதான்.

திரை போட்ட அறை. வரிசையாகக் கிண்ணங்கள், அவன் வடித்த இலைச்சாறு கலந்த தண்ணீர். சாறு கலந்து பதினைந்தாம் நாளான நேற்று கிண்ணத்துக்கு இருபத்தைந்து கொசுப்புழுக்களைப் புதிதாக விட்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தான். ஒன்றுகூட அசையவில்லை.

"அடப்பாவி, தவிடு போட்டு வளத்த புள்ளைங்கப்பா! மொத்தமா முடிச்சிட்டியே," என்றாள் கொசு வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. அவனிடம் இன்னும் கேலி பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

துறைத்தலைவர் அறிக்கையை நீட்டினார். 'ஒருமுறை ஊற்றினால் பதினைந்து நாள் பாதுகாப்பு.'

"கையெழுத்தப் போடுப்பா. அடுத்த வாரம் வீடு வீடா குடுக்கப் போறாங்க. உன் சம்சாரம் இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கும்."

பேனா நகரவில்லை. வாரம் தவறாமல் டிரம்மைக் கவிழ்த்துக் கழுவியவள் அவள். 'பதினஞ்சு நாள் தாங்கும், தண்ணியக் கொட்டாத' என்று சாற்றை ஊற்றியவன் இவன். பத்தாம் நாள், புழு நெளிகிறது என்றாள். 'செத்ததுதான் மிதக்கும்' என்றான். மாடி ஏறிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. எந்தக் கொசு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

"வெயில்ல தாங்காது சார்."

"உனக்கு எப்படித் தெரியும்? வெயில்ல நாம சோதிக்கவே இல்லையே?"

"எங்க வீட்டுல சோதிச்சாச்சு."

அக்கா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

அவன் அந்த வரியை அடித்தான். 'நிழலில் மட்டும். வெயிலில் நம்ப வேண்டாம். தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி மகள் அவனிடம் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனாள் என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவன் மறுத்ததில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஊசி குத்தியிருந்த கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அவள் சொன்னது வேறு.

"டிரம்முல இன்னும் நெளியுதுங்க. போய்க் கவுத்துட்டு வாங்க."