ஐந்நூறு லிட்டர் அக்கா

என் வீட்டுக்காரர் தலையில் தண்ணீர் மீட்டர் ஆசையை ஏற்றி விட்டவர் பக்கத்து வீட்டுத் தபால்காரர். ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை, நான்கு அறை வீட்டில் ஒற்றை ஆள். அதுவரை எங்கள் தெருவில் எல்லோருக்கும் வீட்டின் பரப்பளவைப் பார்த்து வருடத்துக்கு ஒரே தொகைதான். குளித்தாலும் அதே, குளிக்காவிட்டாலும் அதே. தபால்காரர் மீட்டர் வைத்தார், அவருடைய தண்ணீர் பில் பாதியாகிவிட்டது. பெரிய வீட்டில் ஒரே ஒருவர் புழங்கினால் பாதியாகாமல் என்ன செய்யும்? நானும் இவரும் மகளும் என்று மூன்று பேர் சின்ன வீட்டில் இருக்கிறோமே, நமக்கு இது ஒத்துவருமா என்று யோசிப்பதற்கு மூளை வேண்டும். இவரிடம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம்.

மருந்துக் கம்பெனிக் கிடங்கில் இவர் ஸ்டோர் கீப்பர். பகலெல்லாம் அட்டைப் பெட்டிகளை எண்ணுவது வேலை. வீட்டுக்கு வந்தாலும் விரல் சும்மா இருக்காது. சோப்பு வாங்கினால் உறையில் தேதி எழுதி வைப்பார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று சிலரைச் சொல்வார்கள். இவர் அந்த எச்சில் கையைக் கழுவுவதற்கே இரண்டு தடவை யோசிப்பார்.

மீட்டர் வந்தது. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழி தோண்டி, இரும்பு மூடி போட்டுவிட்டுப் போனார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு இவர் மூடியைத் தூக்கி, இரண்டு முட்டியையும் தரையில் ஊன்றி, டார்ச் அடித்து எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவார். கடவுளுக்கு முன்னால்கூட இந்த மனுஷன் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. என் மகள் கல்லூரியில் படிக்கிறாள், வாய் நீளம். அப்பாவுக்கு ‘மீட்டர்’ என்றே பெயர் வைத்துவிட்டாள். "அம்மா, மீட்டர் எந்திரிச்சாச்சா?" என்று படுக்கையில் இருந்தபடியே கேட்பாள்.

ஷவர் கழற்றப்பட்டது. வாஷ்பேசினுக்கு மேலே ஒரு சீட்டு, சமையலறைத் தொட்டிக்கு மேலே ஒரு சீட்டு, குளியலறைக் கதவில் ஒரு சீட்டு, எல்லாவற்றிலும் ‘மூடு’, ‘மூடு’, ‘மூடு’. முதல் மாதம் நாளொன்றுக்கு நானூறு லிட்டர் ஆகியிருந்தது. பழைய கட்டணத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் மிச்சம்தான். அந்த மிச்சத்தில் ஒற்றைக் காலுக்குக்கூடச் செருப்பு வாங்க முடியாது. ஆனாலும் இவர் ஒரு வாரத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தார்.

இரண்டாவது மாதம் அக்கா வந்தாள்.

என் அக்கா துணிக்கடையில் ஆல்டரேஷன் தையல்காரி. பேண்ட் நீளத்தைக் குறைப்பது, ஜாக்கெட்டைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. மாமா போய்ப் பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. அவள் குடியிருந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம் என்று சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார். எங்கள் வீட்டில் பின்னறை சும்மாதான் கிடந்தது. நானே போய் அவளையும் அவள் தையல் மெஷினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். "இனிமே எங்கயும் அலையாதக்கா, கடைசி வரைக்கும் இங்கயே இரு" என்று வாசலில் வைத்தே சொன்னேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அதே வாரம் இவர் செங்கல் வைத்தார். ஃப்ளஷ் டேங்குக்குள் ஒரு செங்கல் வைத்தால் ஒவ்வொரு தடவையும் அந்த அளவுக்குத் தண்ணீர் மிச்சமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதையும் காசு கொடுத்து வாங்கவில்லை, தெருமுனையில் வீடு இடித்த குவியலிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தார். எங்கள் அறையோடு சேர்ந்த கழிப்பறையின் டேங்கில் அதை இறக்கி மூடிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தபோது, "இந்த ஐடியா எவனுக்காவது வருமா?" என்றார்.

"வராது தம்பி" என்றாள் அக்கா. அவள் நிஜமாகவே பாராட்டித்தான் சொன்னாள்.

அந்த மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்து இவர் முகம் சுண்டிவிட்டது. நாளொன்றுக்குத் தொள்ளாயிரம் லிட்டர். நானூறு எங்கே, தொள்ளாயிரம் எங்கே! இவருக்கு யோசிக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. "மூணு பேரா இருந்தோம், நானூறு. நாலு பேரானோம், தொள்ளாயிரம். கூட வந்த ஆளு ஐந்நூறு" என்றார். கிடங்கில் பெட்டி குறைந்தால் புதிதாக வந்தவனைத்தான் முதலில் சோதனை போடுவார்களாம்.

ஒரு மனுஷி ஒரு நாளைக்கு ஐந்நூறு லிட்டர் செலவழிக்க வேண்டுமென்றால் பகலெல்லாம் குழாயடியிலேயே குடியிருக்க வேண்டும். அக்கா காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவாள். இது மூன்றாம் வகுப்புக் கணக்கு. அன்றைக்கு அது எனக்கும் தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா தினமும் இரண்டு வேளை குளிப்பவள். வேலையிலிருந்து வந்தால் உடம்பெல்லாம் துணிப் பஞ்சு ஒட்டியிருக்கும், கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அரிக்கும். அந்த ராத்திரிக் குளியல் இவர் கண்ணை உறுத்தியது. நேரே கேட்கிற தைரியம் கிடையாது. நோட்டை விரித்து, தொள்ளாயிரத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, சாப்பாட்டு மேஜையில் அக்கா உட்காருகிற இடத்தில் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவார். கோழை! அக்கா அந்த நோட்டை மூடி, பவ்யமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுவாள். பிறகு ராத்திரிக் குளியலை விட்டாள். காலையில் அரை வாளி. தன் துணியைக் கடைக்கு எடுத்துப் போய்த் துவைத்துக்கொண்டு வந்தாள். மெஷினில் உட்கார்ந்தால் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருப்பாள்.

எண் குறையவில்லை.

"உங்க அக்காகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா நல்லா இருக்காது" என்றார் இவர்.

"என்னன்னு சொல்றது?"

"ஏதாவது சொல்லு. தண்ணி செலவுல அளவு வேணும்னு சொல்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். இவர் கூடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார். நான் போய்க் கதவைத் தட்டினேன். "அக்கா, போதும்கா" என்றேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. அவள் வெளியே வந்தபோது காதுக்குப் பின்னால் சோப்பு நுரை அப்படியே இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக அவள் என்னை ஓர் அறை விட்டிருக்கலாம்.

பத்து நாளில் கடைக்குப் பின்னால் ஒரு அறை பார்த்துவிட்டாள். "பஸ்சுக்கு அலைய வேண்டாம்டி, இறங்கினா கடை" என்றாள். பொய் என்று எனக்குத் தெரியும். போகாதே என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. தையல் மெஷினை அவளே பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள்.

அவள் போனதற்கு அடுத்த மாதம் நாளொன்றுக்கு எண்ணூற்று நாற்பது லிட்டர். ஐந்நூறு லிட்டர் அக்கா போன பிறகு அறுபதுதான் குறைந்திருந்தது. இதைப் பார்த்தாவது இவர் தலையில் ஏதாவது உறைத்ததா? அடுத்து மகளின் கூந்தலைப் பிடித்துக்கொண்டார். நீளமான முடிக்கு நிறைய தண்ணீர் பிடிக்குமாம், கழுத்தளவுக்கு வெட்டிவிட்டால் நல்லதாம். "நீங்க மொட்டை போட்டுக்கோங்கப்பா, பெரியம்மாவைத் துரத்தின பாவத்துக்கு" என்றாள் அவள். நான் அவளை அதட்டவில்லை.

அடுத்த வாரம் ரீடிங் எடுக்க ஒரு பெண் வந்தாள். முற்பகல் பதினொரு மணி, வீட்டில் நான் மட்டும். மூடியைத் தூக்கிக் குனிந்தவள் நிமிர்ந்து, "உள்ள யாராச்சும் குளிக்கிறாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லையே. ஒரு குழாய்கூடத் திறக்கல."

"அப்புறம் இது ஏன் சுத்துது? வந்து பாருங்க."

எண்களுக்குக் கீழே பொட்டு அளவில் ஒரு சிவப்புச் சக்கரம், விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடினால்தான் அது சுற்றுமாம். மாதக்கணக்கில் அந்தக் குழிக்கு முன்னால் மண்டியிட்ட மகானுபாவர் எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"மொதல்ல ஃப்ளஷ் டேங்கைப் பாருங்க. அதுலதான் சத்தமே இல்லாம ஓடும். சொட்டு நீலம் ரெண்டு துளி விடுங்க, ஃப்ளஷ் பண்ணாமலே கீழ நீலமா வந்தா அதான்" என்றாள் அந்தப் பெண்.

விட்டேன். பத்து நிமிடத்தில் பீங்கானில் நீலம் கோடாக இறங்கியது. டேங்குக்குள் கையை விட்டேன். இவர் பொறுக்கி வந்த ஓசிச் செங்கல் பாதி கரைந்து சேறாகி, அந்தப் பொடியெல்லாம் அடியில் இருக்கிற ரப்பர் மூடிக்கு இடையில் போய் உட்கார்ந்திருந்தது. மூடி சரியாகப் பதியாமல் ராவும் பகலும் தண்ணீர் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கடுகு போன இடத்தை ஆராய்வான், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். இங்கே பூசணிக்காயைத் தூக்கி வெளியே போட்டவரே இவர்தான். செங்கலை எடுத்து, ரப்பரைத் துடைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். சிவப்புச் சக்கரம் நின்றிருந்தது.

சாயங்காலம் இவர் வந்தபோது மிச்சமிருந்த செங்கல் நோட்டுப் புத்தகத்தின் மேல் இருந்தது.

"என்ன இது?"

"உங்க மூளை" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இவர் அந்தக் கட்டியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வெட்கப்படுவார், குறைந்தபட்சம் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"செங்கல் தரமில்ல. நல்லா சுட்ட செங்கலா இருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றார்.

"அக்கா?"

"வரச் சொல்லிக்க. நானா அவங்கள போகச் சொன்னேன்? நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?"

அதுதான் எனக்கு ஆத்திரம். அவர் சொன்னதில் பொய் இல்லை.

மறுநாள் அக்காவின் அறைக்குப் போனேன். ஒரு கட்டில், மெஷின், ஓரத்தில் தகரக் கதவு போட்ட குளியலறை. அப்போதுதான் கடை முடித்து வந்திருந்தாள், தலைமுடியில் வெள்ளையும் நீலமுமாகப் பஞ்சு. செங்கல் கதையைச் சொன்னேன். கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ பாவம்டி தம்பி! அவர் மனசு என்ன பாடு பட்டிருக்கும்!"

"அவரை விடுக்கா. நீ வா. மெஷினை இப்பவே ஏத்திக்கிட்டுப் போயிடலாம். உன் ரூம் அப்படியேதான் இருக்கு."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். வருவாள் என்றுதான் தோன்றியது. "இருடி, மேலெல்லாம் பஞ்சு, அரிக்குது. குளிச்சிட்டு வந்து பேசறேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு தகரக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்து இவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மம்! ஒரு மனுஷி குளிப்பதை எண்ணிப் பார்க்கிறவன் எல்லாம் ஒரு ஆளா? உள்ளே மக் வாளியில் மோதுகிற சத்தமும் தண்ணீர் விழுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பதாவது மக்கில்தான் நான் எண்ணிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டேன். கட்டில் கிரீச்சிட்டது.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.

"இதோ முடிச்சிட்டேன்டி, வந்துட்டேன், வந்துட்டேன்" என்றாள் அக்கா.

நான் கதவைத் தட்டவே இல்லை.