கரும்புக்காட்டில் நின்ற கதவு

ஜேடர்பாளையத்துச் சின்னண்ணன் செல்போனில் புதுக் கணக்குத் தொடங்கிய மறுநாள் காலை, அவருடைய கரும்புக்காட்டு வரப்பில் சுவரே இல்லாமல் ஒரு கதவு நின்றது. வேப்பமரக் கதவு, அகலத் திறந்திருந்தது. அதன் வழியே பார்த்தால் கரும்பு தெரியவில்லை. ஆட்கள் நடமாடினார்கள், பேச்சுச் சத்தம் கேட்டது. வெட்டு ஆட்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய் வேலையைப் பார்த்தார்கள்.

அவர் கணக்குத் தொடங்கியது மகள் தனப்பிரியாவுக்காக. அதற்கு ஆறு வருடங்களுக்கு முன், அவள் தானே பார்த்துக் கட்டிக்கொண்ட கலையரசனோடு வாசலுக்கு வந்தாள். சின்னண்ணன் மகளை ‘வா’ என்றார். மருமகனை ‘வாங்க’ என்று சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் பந்திக்கு வந்தவன்கூட அந்த ஒரு வார்த்தை காதில் விழாவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவான். இருவரும் திரும்பினார்கள். பிறகு அவள் போன் நம்பரை மாற்றினாள், எல்லோரும் இருந்த பெரிய சமூக வலைத்தளத்தையும் விட்டுப் போனாள். இப்போது வேறொரு வலையில் எழுதுகிறாளாம். அதற்கு ஒரே முதலாளி கிடையாது, ஆளுக்கொரு சர்வர், ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கும், ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பேசிக்கொள்ளலாம். ‘எந்த சர்வர்?’ என்று போன் கேட்ட கேள்விக்கே அவர் மூன்று நாள் முழித்தார். கடைசியில் தமிழில் பெயர் எழுதியிருந்த ஒன்றைத் தொட்டார்.

வெளுத்த வேட்டி கட்டிக் கதவின் முன் போய் நின்றார். யாரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. உள்ளே இருந்த அந்த வலைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சர்வரைப் பற்றியே ஓயாமல் பேசினார்கள், அவ்வளவுதான். பக்கத்துக் காட்டுப் பொன்னாயி எட்டிப் பார்த்து, ஏன் யாரையும் கூப்பிடுவதில்லை என்று கேட்டதற்கு, “தொறந்துதானுங்க கெடக்குது” என்று பதில் வந்தது. கூப்பிடாத இடத்துக்குள் நுழைய சின்னண்ணனுக்குக் கால் வரவில்லை. இரண்டு வருடம் காலையும் மாலையும் நின்றார். சில நாள் உள்ளேயிருந்து மகளின் சிரிப்புச் சத்தம் வரும். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அதற்குள் கணக்குத் தொடங்கிய மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள்: பள்ளிபாளையம் தறிக்காரர்கள், போர் போடும் ரிக் வண்டி ஆட்கள். வந்து, எட்டிப் பார்த்து, கூசிப்போய்த் திரும்பினார்கள். சேலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அஜீஸுன்னிசா என்ற தையல்காரம்மாவும் அப்படித் திரும்பியபோது சின்னண்ணனுக்குப் பொறுக்கவில்லை. என்ன இருந்தாலும் காடு அவருடையது.

“வாங்கம்மா, வாங்க. பேரு, ஊரு மட்டும் சொல்லுங்க போதும். சர்வர் கிர்வரெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்.”

அந்த அம்மா உள்ளே போனார். அன்றிலிருந்து சின்னண்ணன் கதவோரம் ஒதுங்கி நின்று வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டார். ஒரே வருடத்தில் ஆயிரத்து நூறு பேர். உள்ளே பேச்சு மாறியது. மழை எங்கே பெய்தது, பெண்ணுக்கு வரன் அமைந்ததா, குழம்புக்கு எவ்வளவு மல்லி என்றெல்லாம் கேட்டது. அவர் மட்டும் உள்ளே போகவில்லை. அவரைக் கூப்பிட ஆளில்லை.

போன ஐப்பசியில், இத்தனை பேரை அனுப்புவது யார் என்று பார்க்க சர்வர் பொறுப்பாளர்களில் ஒருவன் நிலைப்படிக்கு வந்தான். கலையரசன். காதோரம் நரைத்திருந்தது. மாமனாரைப் பார்த்ததும் காட்டில் கால் வைக்காமல் படியிலேயே நின்றுவிட்டான். ஆயிரத்து நூறு பேரைக் கூப்பிட்ட வாய் சின்னண்ணனுக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் வரிசை காத்திருந்தது.

“வாங்க மாப்ள,” என்றார். “அன்னிக்கே சொல்லியிருக்கோணும்.”

கலையரசன் வரப்பில் இறங்கினான். “பிரியா தெனமும் உங்க சத்தத்தக் கேட்டுட்டுத்தான் இருக்குதுங்க மாமா. ‘அப்பா ஊருக்கெல்லாம் வாங்கன்னு சொல்றாரு, எம் புருசனுக்குச் சொல்றாரான்னு பாக்கறேன்’னு பிடிவாதமா உக்காந்திருக்குது. நீங்க உள்ள வாங்க.”

சின்னண்ணன் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கலையரசன் அவர் நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டு, வாழப்பாடியிலிருந்து வந்திருந்த அடுத்த ஆளைப் பார்த்து “வாங்க” என்றான். சின்னண்ணன் உள்ளே போனார்.